நிறுத்தத்தில் நாலு நிமிஷம்

ஹாப்சன்: கீயானாவைப் பத்தி "நல்ல பொண்ணு." அவ்வளவுதானா, மிஸ்டர் லெமுவல்? சிபாரிசுத் தாள் முழுக்கக் காலியாக் கிடக்கு.

லெமுவல்: நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவன். எட்டாம் வகுப்போட நின்னவன். ரெண்டு வார்த்தை எழுதுனதே பெருசு. எடுத்துட்டுப் போங்கம்மா.

ஹாப்சன்: கதவை மூடாதீங்க. இந்த டொலிடோ ஊர்க் குளிர்ல அரை மணி நேரமா பஸ் டிப்போ வாசல்ல நிக்கிறேன்.

லெமுவல்: உங்கள யாரு நிக்கச் சொன்னா... சரி, ஏறுங்க. அந்த சீட் வேணாம், எவனோ ஜூஸ் கொட்டி வச்சிருக்கான்.

ஹாப்சன்: இருபது பிள்ளைங்களை முழுச் செலவும் குடுத்துக் கல்லூரிக்கு அனுப்புறோம். கடைசி இடம் ஒண்ணுதான் பாக்கி. மார்க்குக்குப் பாதி, குணத்துக்குப் பாதி. வாத்தியார் பார்க்காத நேரத்துல கீயானா எப்படின்னு உங்களை மாதிரி ஒருத்தர் சொல்லணும். அதான் எங்க வழக்கம்.

லெமுவல்: பணக்கார வீட்டுப் பிள்ளைங்க குணத்தையும் இப்படித்தான் எடை போடுறாங்களா?

ஹாப்சன்: இல்ல. நியாயமான கேள்விதான். ஆனா நாங்க முதல்ல அனுப்புனவங்கள்ல பாதிப் பேர் ஒரு வருஷத்துல திரும்பி வந்துட்டாங்க. மார்க் இல்லாம இல்ல. ஒரு தடவை விழுந்ததும் தனக்கு இது ஆகாதுன்னு நினைச்சுட்டாங்க. அதனாலதான் இப்போ வாராவாரம் அவங்களோட உக்காந்து, விழுந்தா எழுந்திருக்கப் பழக்குறோம்.

லெமுவல்: கீயானாவுக்கு நீங்க பழக்கணுமாக்கும். அம்மாக்காரி ராத்திரி பூரா கிடங்குல பெட்டி அடுக்கிட்டு காலையில எட்டு மணிக்குத்தான் வருவா. தம்பிக்குச் சோறு ஊட்டி, சட்டை மாட்டி, குழந்தைக் காப்பகத்துல விட்டுட்டு...

ஹாப்சன்: விட்டுட்டு?

லெமுவல்: வருவா. அவ்வளவுதான்.

ஹாப்சன்: காப்பகம் ஆறரைக்குத்தான் திறக்கும். எதிர்த்தாப்ல உங்க பஸ் ஆறு இருபத்தெட்டுக்கு.

லெமுவல்: அப்படியா.

ஹாப்சன்: செப்டம்பர்ல ஒரே ஒரு நாள் தவிர அவ லேட்டே இல்ல.

லெமுவல்: வேகமா ஓடுவா.

ஹாப்சன்: மிஸ்டர் லெமுவல்...

லெமுவல்: காலு நீளம். பார்த்திருப்பீங்களே.

ஹாப்சன்: அவளே சொல்லிட்டா. நேரம் தவறாமைக்குப் பத்துக்குப் பத்து போட்டிருந்தோம். நேர்காணல்ல என் பேனாவை வாங்கி அந்தப் பத்தைக் கோடு போட்டு அடிச்சா. "இது என்னோடது இல்ல மிஸ், எனக்காக பஸ் நிக்குது"ன்னா.

லெமுவல்: பைத்தியக்காரப் பொண்ணு. இடம் போச்சா? அதைச் சொல்லுங்க முதல்ல.

ஹாப்சன்: நாங்க எடுக்கல. நேத்து அவளே வந்து தன் பேரை எடுத்துடச் சொன்னா.

லெமுவல்: ஏனாம்?

ஹாப்சன்: உங்க தாள்ல டிப்போ மேலாளரும் கையெழுத்துப் போடணும். உண்மையை எழுதுனா, நேரத்தை மீறி வண்டியை நிறுத்துனதுக்கு நீங்க மாட்டுவீங்க. ஓய்வுக்கு இன்னும் பதினோரு மாசம்தானாமே. "அவர் வேலையைத் தின்னுட்டு நான் காலேஜ் போகணுமா"ன்னு கேட்டா.

லெமுவல்: அப்படியா கேட்டா?

ஹாப்சன்: இன்னைக்கு நாலு மணிக்குத் தேர்வுக் கூட்டம். நான் இன்னும் பேரை அடிக்கல.

லெமுவல்: செப்டம்பர்ல அந்த ஒரு நாள் அவளைக் கண்ணாடியில பார்த்தேம்மா. தம்பியை இடுப்புல வச்சுக்கிட்டு, வண்டி போறதைப் பார்த்துட்டு நின்னா. கையைக்கூட ஆட்டல. மறுநாள் நானாவே வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். ஏறினதும் எல்லாப் பிள்ளைங்களையும் பார்த்து, "மன்னிச்சுக்குங்க, என்னாலதான் லேட்"னு சொன்னா. அஞ்சு மாசமா தினமும் சொல்றா. ஒரு பய சிரிச்சதில்ல.

ஹாப்சன்: இதை எழுதலாமா?

லெமுவல்: நீங்க எழுதுங்க, என் எழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும். தினமும் நாலு நிமிஷம் லேட்டுன்னே எழுதுங்க. அதைக் கணக்குல எடுப்பாங்களா?

ஹாப்சன்: எடுப்பாங்க. அவ அடிச்ச பத்தையும் சேர்த்து எடுப்பாங்க. அந்த அறையில இருந்த யாரும் அதை மறக்கல.

லெமுவல்: அப்போ எழுதுங்க.

ஹாப்சன்: மேலாளர் படிப்பாரே...

லெமுவல்: அவருக்குத் தெரியும். திங்கக்கிழமையே நான் போய்ச் சொல்லிட்டேன். ஒரு சின்னப் பொண்ணு தினமும் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிறா, நான் கண்ணாடியில வேற எங்கியோ பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கு? அந்தக் காப்பக வாசல்ல இன்னும் மூணு பிள்ளைங்க இதே மாதிரி வண்டியை விட்டுட்டு நிக்குதுங்கன்னும் கத்திட்டு வந்தேன். நீங்க எந்தப் பக்கம்னு தெரியாமத்தான் உங்ககிட்ட மழுப்புனேன். நாளையிலேர்ந்து வண்டி கழுவுற வேலைதான் எனக்கு, சம்பளத்துலயும் வெட்டு. ஆனா பஸ் நேரத்தாளை மாத்தி ஒட்டிட்டாங்கம்மா, அந்த நிறுத்தத்துக்கு இனி ஆறு முப்பத்தி மூணு. யாரு ஓட்டுனாலும் அவ லேட் இல்ல.