இரண்டு ஆபத்துக்கு ஒரே சங்கு

ஓடுகிறேன். கையில் குழம்புக் கரண்டி. அதைக் கீழே போடத் தோன்றவில்லை. சங்கு ஊதுகிறது. நிற்காத இழுப்பு. அதற்கு மேலே இன்னொரு சத்தம். ஸ்கூட்டர் ஒன்று வானத்தில் போவது போல, டுர்ர்ர் என்று. அது நின்றது. நின்றதுதான் பயம். அடுத்த நொடி பம்ப் ஹவுஸ் பக்கம் தரை குதித்தது.

"ஏலே செல்வம், அங்கன போவாதல. படிக்கட்டுக்குக் கீழ வா."

செல்வம் என் மகள் வயிற்றுப் பேரன். பைப் வெல்டர். "ஹெட் கவுண்ட் ஆச்சி. போவலன்னா வார்னிங் லெட்டர்" என்று கத்திவிட்டு மைதானத்துக்கு ஓடினான்.

இது புரிய வேண்டுமென்றால், முன்னால் நாங்கள் இருந்த வளைகுடா எண்ணெய் ஆலை ஊர் ருவைஸைச் சொல்ல வேண்டும். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். ருவைஸில் என்ஜினீயர்கள் தங்கிய வீட்டில் சமைத்தேன். சுகமான இடம். கடல் காற்று. வெள்ளிக்கிழமை பிரியாணி. அதைச் சாப்பிட்டு ஒரு மலையாளி என்ஜினீயர் கண்ணீர் விட்டிருக்கிறார். காரம்தான் காரணம் என்பார்கள், நம்பாதீர்கள். அங்கே சங்கு ஊதினால் கேஸ் கசிவு. கட்டடத்துக்குள் இருக்கக் கூடாது. எல்லாரும் திறந்த வெளியில் போய் வரிசையில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிடுவார்கள். வராதவனைத் தேடி இன்னொருவன் உள்ளே போக வேண்டியிருக்கும். அதனால் வராதது பெரிய குற்றம். கம்பெனியில் வேலை பார்த்த பையன்களுக்கு அது எலும்பில் ஊறிப்போயிருந்தது.

பிறகு ஒரு நாட்டில் சண்டை முடிந்தது. அதன் பெயரைச் சொல்லமாட்டேன் என்று கம்பெனி என்னிடம் கைநாட்டு வாங்கியிருக்கிறது. அந்த நாட்டின் மேல் போட்டிருந்த தடையை எடுத்தார்கள். எண்ணெய் விற்கலாம், அந்தப் பணத்தில் நாட்டைக் கட்டலாம் என்றார்கள். எங்கள் கம்பெனிக்கு காண்ட்ராக்ட். கம்பெனி ஆபீஸ் இருக்கிற அல் கூஸ் குடோனிலிருந்து பைப்பும் வால்வும் கப்பலேறின. பின்னாலேயே பையன்கள். சமைக்க நான். பேரனோடு போகிறோம் என்று சந்தோஷமாகத்தான் போனேன்.

சமையலறையில் எனக்குத் துணை சல்மா. அந்த ஊர்க்காரி. அவள் மகள் நூருக்குச் சர்க்கரை வியாதி. தடை இருந்த காலத்தில், தடையால்தான் இன்சுலின் இல்லை என்றார்கள். தடை போனதும், எண்ணெய்ப் பணம் வெளிநாட்டுக் கணக்கில் கிடக்கிறது, கமிட்டி கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். கண்ணெதிரே கப்பல் கப்பலாக எண்ணெய் போனது. பம்புக்குக் கையெழுத்து விழுந்தது. எண்ணெயை அளக்கிற மீட்டருக்கு விழுந்தது. ஆஸ்பத்திரிக்கு விழவில்லை. பங்கு கிடைக்காத கூட்டம் ட்ரோன் அனுப்பும் என்று காய்கறிக்காரனுக்குக்கூடத் தெரியும்.

சேஃப்டி பார்க்கிற காதர் பாய்க்கும் தெரியும். கீழக்கரைக்காரர். பதுங்கு குழி கேட்டார். வான் தாக்குதலுக்கு வேறு சங்கு கேட்டார். ஒருநாள் டீ குடிக்க வந்தவர் சொன்னார்.

"பங்கர் மாஃபியாம், கெடையாதாம் ஆச்சி. மொதல்ல எண்ண ஓடட்டும், அப்புறம் பாக்கலாங்கிறான் மேனேஜர்."

"அப்ப தலையில குண்டு விழுந்தா?"

"அதுக்குத்தான் ஹெல்மெட் குடுத்திருக்கோமேங்கிறான்."

இரண்டு பேரும் சிரித்தோம்.

சங்கு ஊதிய அந்த மத்தியானம். படிக்கட்டுக்கு அடியில் நானும் சல்மாவும். சிமெண்ட் தூள் தலையில் கொட்டுகிறது. கதவு இடுக்கில் மைதானம் தெரிகிறது. பையன்கள் நேர்கோட்டில் நிற்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல. காதர் பாய் கைகளை வீசிக்கொண்டு ஓடி வருகிறார். "நிக்காதீங்க. கலைஞ்சு ஓடுங்க. யல்லா, யல்லா." சூப்பர்வைசர், "லைன்ல நில்லு" என்கிறான். பையன்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். மறுபடி அந்த ஸ்கூட்டர் சத்தம். நின்றது.

பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அல் கூஸுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஆபீஸில் ஏசி போட்டு உட்காரவைத்தார்கள். மேனேஜர் நம் ஊர் ஆள்தான். "வருத்தமா இருக்கும்மா. ஆனா வரிசையில நிக்கணும்னு நாங்க சொன்னது கேஸ் லீக்குக்கு. ட்ரோனுக்கு நிக்கச் சொல்லலையே" என்றான்.

"எது எதுக்குன்னு தெரிய ரெண்டு சங்கு வச்சிருந்தியால நீ?"

அவன் போனைப் பார்த்தான்.

வெளியே லாரியில் பைப் ஏற்றுகிறார்கள். அதே இடத்துக்கு. வாரம் முடிவதற்குள் எண்ணெய் மறுபடி ஓடியதாம். கொட்டிப்போனதைப் பீப்பாய் பீப்பாயாகச் சொல்கிறார்கள். செத்தவர்களில் கம்பெனி ஆட்களை மட்டும் சொல்கிறார்கள். ஆகவே முழுக் கணக்கையும் நான் சொல்கிறேன்.

காதர் பாய். என் பேரன் செல்வம், வரிசையில் நின்றபடி. அவனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்ற ஒடிசாப் பையன்கள் இரண்டு பேர். மைதானம் பெருக்குகிற ஹாதி, அந்த ஊர்க் கிழவர். எல்லாரும் நிற்கிறார்களே என்று அவரும் வரிசைக் கடைசியில் போய் நின்றார். அவர் பெயரை யாரும் கூப்பிடப் போவதில்லை, அது அவருக்குத் தெரியாது. என் இடது காது. அப்புறம் நூர். அவள்மேல் எதுவும் விழவில்லை. அடுத்த மாதம், மருந்து இல்லாமல். சல்மா போனில் அழுதாள்.

மொத்தம் ஆறு உயிர். நூரை எப்படி இதில் சேர்த்தாய் என்று கம்பெனி கேட்கும். நான்தான் சேர்த்தேன் என்று சொல்லுங்கள்.