கற்பூரத் தட்டும் காலை ஒன்பது மணியும்

மாப்பிள்ளை வீட்டாரே, நம்ம வீட்டாரே... இதோ மணமேடையில நிக்கிறாளே என் மருமக ஆவுடைநாயகி, இவ கம்ப்யூட்டரையே ஆட்டி வைப்பான்னு தொட்டில்ல கிடக்கும்போதே சொன்னவன் இந்தத் தாய்மாமன்! அப்ப ஊர்ல கம்ப்யூட்டரே கிடையாது... அப்பவே சொன்னேன்! இலை போடுற வரைக்கும் ஒரு குட்டிக் கதை, காதைக் குடுங்க.

எங்க பஸ் கம்பெனியில டிக்கெட் அம்புட்டும் ஒரு டேட்டாபேஸ்ல இருக்கு. பாத்துக்கிடுறது இவ. தினம் காலை ஒன்பது மணிக்கு அது நொண்டும். ஒரு சீட்டு தேடினா சக்கரம் சுத்துது... சுத்துது... மதுரைக்குக் கேட்டவர் நடந்தே போய்ச் சேந்துருவார்! மத்தியானம் ஆனா? குதிரை!

முதலாளி கூப்பிட்டார். "ஏம்மா, திங்கக்கிழமை காலையில தீபாவளி புக்கிங். அன்னைக்கும் நொண்டுச்சுன்னா உனக்கு வேலை இல்லை."

அழுதாளா? இல்லை. மெமரிக்கு அளவு காட்டுற திரையைத் திறந்து வச்சு உக்காந்துட்டா. அது என்னன்னு ஒன்பதாங்கிளாஸ் படிச்ச நான் சொல்றேன். ஜவுளிக்கடையில அடிக்கடி கேக்குற சேலை முன்னால மேசையிலயே கிடக்கும். மத்ததுக்கு மூணாம் மாடி குடோனுக்கு ஓடணும். அந்த மேசைதான் கேஷ் மெமரி. நூறு தடவை கேட்டா எத்தனை தடவை மேசையிலயே கிடைக்குதுன்னு திரை சொல்லும்.

மத்தியானம் நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது. மறுநாள் காலை... பன்னிரண்டு! அதுக்கு மறுநாள்? அதே பன்னிரண்டு! மேசையைக் காலி பண்றது யாரு?

சனிக்கிழமை எட்டரைக்கே வந்து காத்திருந்தா. கதவு திறக்குது... மேனேஜர் குற்றாலிங்கம் வாரார். நெத்தி நிறைய திருநீறு, கையில கற்பூரத் தட்டு. நேரா டேட்டாபேஸ் ஓடுற சர்வர் மெஷின்கிட்ட போனார். டக்குனு ஸ்விட்சை அணைச்சார்!

"ஐயோ சார்! எதுக்கு அணைக்கீங்க?"

"என்னம்மா கேள்வி? ஓடுற மெஷினுக்கு யாராவது பூஜை போடுவாங்களா? அணைச்சு, கும்பிட்டு, நல்ல நேரம் பாத்துப் போட்டாத்தான் விளங்கும்."

"அணைச்சா மெமரியில உள்ளது அம்புட்டும் போயிருது சார்!"

"போகட்டுமே. நேத்து வச்ச பூவை இன்னைக்கு சாமிக்கு வைப்பமா?"

எப்படி இருக்கு! ஆவுடை கையெடுத்துக் கும்பிட்டா. "சார்... பூ புதுசா வைங்க. கற்பூரம் ரெண்டு கட்டி கூடக் காட்டுங்க. ஸ்விட்சை மட்டும் தொடாதீங்க!"

திங்கக்கிழமை, ஓடுற மெஷினுக்கே கற்பூரம். ஒன்பது மணிக்கு புக்கிங் திறந்துச்சு... ஊரே ஒரே நேரத்துல கேட்டுச்சு, ஒரு லட்சம் பேர்... இல்லை, நாலு லட்சம்! சீட்டு பறக்குது. திரையில தொண்ணூத்தொன்பது. முதலாளியே எந்திரிச்சு வந்து, "தாயி, நீ எங்கயும் போயிராதே"ன்னார்!

மாப்பிள்ளே... உங்களுக்குத்தான் சொல்றேன். வீட்டுல ஒண்ணு நொண்டுனா உடனே யாரையும் ஏசாதீங்க. எப்ப நொண்டுது, எப்ப ஓடுதுன்னு நாலு நாள் உக்காந்து பாருங்க. ஒருத்தருக்கொருத்தர் செஞ்ச நல்லதை மனசுல முன்னாலயே வச்சிருங்க. தினம் காலையில அதை அணைச்சிட்டு முதல்லேர்ந்து தொடங்காதீங்க. என்ன, புரியுதா?

ஏம்மா ஆவுடை... ஏன் வாயைப் பொத்திச் சிரிக்கே? சரி சரி, சபையில ஒரே ஒரு பொய். குற்றாலிங்கம்னு எங்க கம்பெனியில யாரும் கிடையாது.

மேனேஜர் நான்தான்.