உப்பக்காவின் ஆய்வகச் சாவி

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, மருத்துவர்களே, எங்களை நம்பி ஆய்வுக்கு ரத்தம் கொடுத்த குடும்பங்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அக்காவின் தம்பியே, வணக்கம்.

அழத்தான் வந்தேன். ஆனால் கோபம் முந்திக்கொள்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னை உதவியாளராக வைத்திருந்த முதுநிலை ஆய்வாளர், எங்கள் உப்பக்கா, போய்விட்டார். ஏன் உப்பக்கா? லித்தியம் என்ற உப்பு மருந்தைத் தவிர அவருக்கு வேறு பேச்சே கிடையாது! மனம் தலைகால் தெரியாமல் துள்ளும், பிறகு எழவே முடியாமல் படுத்துவிடும். அந்த இருமுனைக் கோளாறு அக்காவுக்கும் உண்டு, தம்பிக்கும் உண்டு. ஒளிக்காமல் சொல்வார். லித்தியம் அக்காவுக்குக் கேட்டது, தம்பிக்குக் கேட்கவில்லை.

"ஒரே வயித்துல பொறந்தோம். எனக்கு மட்டும் ஏன்க்கா கேக்கல?" என்றாராம் தம்பி. அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் அக்கா ஓடினார்!

இருவர் ரத்தத்திலிருந்தும் நரம்புச் செல்களை வளர்த்தார். லித்தியம் மரபணுவையே மாற்றுவதில்லை. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யவேண்டும் என்பதை, மின்விசிறி ரெகுலேட்டரைப் போலக் கூட்டிக் குறைக்கிறது. தம்பியின் செல்லில் எந்தத் திருகு திரும்ப மறுக்கிறது? அதைத்தான் தேடினார். செல்களுக்கு ஒரேயொரு நாள் மருந்து கொடுத்துப் பார்த்த குழு, "வித்தியாசமே இல்லையே, மூட்டை கட்டுங்க" என்றது. "மனுஷனுக்கே மருந்து பிடிக்க வாரக்கணக்காகுது, செல்லுக்கு மட்டும் என்னங்க அவசரம்?" என்று மல்லுக்கு நின்றார். வென்றார்! வாரக்கணக்கில் மருந்தூட்டினார். இந்த வாரம்தான் அளந்து பார்ப்பதாக இருந்தோம். அதற்குள் மாரடைப்பு.

நிர்வாகம் என்ன செய்தது? மரியாதை செய்வதாகச் சொல்லி ஆய்வகத்தைப் பூட்டியது! அந்தச் செல்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊட்டநீர் மாற்றவேண்டும். நேற்றே மாற்றியிருக்க வேண்டும். காவலாளியிடம் கெஞ்சினேன். "துக்க விடுமுறைங்க, மேலிடத்து உத்தரவு." மேலிடத்துக்குப் போன் போட்டேன். "அவங்க மரியாதைக்காவது கொஞ்சம் சும்மா இருங்களேன்!"

சும்மா இருப்பதா? உப்பக்காவுக்காகவா? காய்ச்சலோடு வந்து ஊட்டியவர், விருந்தில் பாதியில் எழுந்து வந்து ஊட்டியவர், அவருக்கு இதுவா மரியாதை? செல்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா, எனக்குத் தெரியாது. உள்ளே போனால்தானே தெரியும்!

பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி நான் அமரவேண்டும். வெறும் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இயக்குநர் அவர்களே, அடுத்தது மௌன அஞ்சலி. நீங்கள் எல்லோரும் நில்லுங்கள். நானும் தம்பியும் மாடியிலுள்ள ஆய்வகத்துக்குப் போகிறோம்.

சாவியைக் கொடுங்கள்.