இரண்டாவது வாத்தியம்

எங்கள் பேண்டில் ஒத்திகைக்கு யாரும் தாமதமாக வந்ததில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. ஐந்தரை மணி என்றால் ஐந்தரைக்கு வாத்தியம் கையில் இருக்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன பிறகு வேலை குறைந்தது. அணிவகுப்பு இல்லை, துரைமார் வீட்டு விருந்தும் இல்லை. கல்யாணம், சாவு, கோயில் திருவிழா, அவ்வளவுதான். ஆளுக்கு இரண்டு வாத்தியம் தெரிந்தால் எட்டுப் பேர் வேலையை ஐந்து பேர் பார்க்கலாம். மூன்று பேரை வேலையிலிருந்து நிறுத்தினேன். நானும் சும்மா இருக்கவில்லை. நாற்பத்தெட்டு வயதில் கிளாரினெட் கற்க உட்கார்ந்தேன். சொல்லிக்கொடுத்தவன் எங்கள் பேண்டிலேயே இருந்த அமலநாதன்.

அவனுக்குக் கிளாரினெட் மட்டும்தான். அரியாங்குப்பத்தில் அவன் வாசிக்கிறான் என்றால் தவளக்குப்பத்திலிருந்து நடந்தே வருவார்கள். டிரம் பழகச் சொன்னால் சிரிப்பான்.

1957, ஈஸ்டர் முடிந்த வாரம் என்னிடம் வந்தான்.

"மாஸ்டர், மெட்ராஸ்ல சினிமாவுக்கு வாசிக்கக் கூப்ட்டுட்டாங்க. திங்கக்கெழமை போறேன். நீங்கதான் ஆசீர்வாதம் பண்ணணும்."

நெற்றியில் சிலுவை போட்டேன்.

அன்று மாலை வாத்தியப் பெட்டியிலிருந்து கிளாரினெட்டை எடுக்கக் குனிந்தான். இரும்புப் பட்டை அடித்த தேக்கு மூடி. அதை நான் பிடித்திருந்தேன். அது அவன் கை மேல் விழுந்தது. கை நழுவிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

"மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க மாஸ்டர். தெரிஞ்சா செஞ்சீங்க?" என்று ஆஸ்பத்திரியில் அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான்.

டிரம் குச்சியை அவன் கையில் துணியால் கட்டிவிட்டேன். இரண்டே மாதத்தில் டிரம் பழகிவிட்டான். மீதி நேரத்தில் எனக்குப் பாடம் எடுத்தான். விரல் போனால் என்ன, காது இருந்ததே. அவன் வாசித்ததெல்லாம் ஆறு மாதத்தில் எனக்கு வந்துவிட்டது.

அவன் மனைவி சூசைமேரி ஒருநாள் வந்தாள். "சோத்துத் தட்டத் தொடமாட்றாரு மாஸ்டர். வெறுங்கையில வாசிச்சிக்கினே உக்காந்திருக்காரு."

வேலை கூடினால் சரியாகும் என்று இன்னும் இரண்டு கல்யாணம் ஒத்துக்கொண்டேன். அந்த வாரமே வைத்திக்குப்பத்து மீனவர்கள் அவனைக் கடலிலிருந்து கரைக்குக் கொண்டுவந்தார்கள். கால் வழுக்கியிருக்கும் என்றார் மாதா கோயில் சாமியார். அடக்கத்துக்கு நான்தான் கிளாரினெட் வாசித்தேன். சூசைமேரி காதைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு கல்லறை வாசலில் கேட்டாள். "நெசமாவே கை நழுவுச்சா மாஸ்டர்?"

இல்லை என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

மூடியை நான்தான் விட்டேன், ஐயா. அவன் வலது கை உள்ளே இருப்பதைப் பார்த்துத்தான் விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: கை போன பிறகும் அவனை நான் ஒருநாள்கூட வேலையிலிருந்து நிறுத்தவில்லை.