நேபாளத்தில் ஒரு லாட்ஜ்

குற்றாலம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் ஒரு கணவன் மனைவி இருந்தார்கள். அவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர் என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

“ஏட்டி, குத்துக்கல்வலசை மனைய வித்துட்டு நேபாளத்துல லாட்ஜ் கட்டப்போறேன்.”

“அங்கன யாரு வருவா?”

“என்கூடப் பட்டாளத்துல இருந்த நேபாளக்காரன் கூட்டுச் சேரக் கூப்பிடுதான். வெளிநாட்டுக்காரன்லாம் அங்கனதான் வந்து குவியுதானாம்.”

“அருவி இருக்கா?”

“பனி இருக்கு.”

“பனியில எவன் எண்ணெ தேச்சுக் குளிப்பான்?”

“குளிக்க வரலட்டி, மலையேற வருதான்.”

அந்த அம்மாள், “சரி, வித்துருங்க” என்றார்.

“நெசமாவா?”

“நெசமாத்தான். கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க எல்லையில கெடந்திய, நான் இங்கன கெடந்தேன். ஒரு ஊரு பாத்ததில்ல. நானும் வருதேன். கல்லாவுல நான் உக்காருதேன்.”

“அங்கன குளிரு தாங்காதுட்டி.”

“ஸ்வெட்டர் போட்டுக்கிடுதேன்.”

“ஒனக்கு அந்தச் சாப்பாடு ஒத்துக்கிடாது.”

“நானே பொங்குவேன்.”

“பஸ்ஸு கெடையாது. மலையில நடக்கணும்.”

“நடக்கேன்.”

அவர் போனை எடுத்து அந்த நேபாள நண்பரை அழைத்தார். பேச்சு இந்தியில் நடந்தது. பம்பாயில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குப் புரிந்தது. “வீட்டில் சுத்தமாகச் சம்மதிக்க மாட்டேன் என்கிறாள். இந்த யோசனையை விட்டுவிடுவோம்” என்றார்.

போனை வைத்ததும் அந்த அம்மாள் ஆவலாகக் கேட்டார்: “என்ன சொன்னிய?”

“நீயும் வருதேன்னு சொன்னேன்.”

“சந்தோசப்பட்டாரா?”

“ரொம்ப.”