ஒரு டம்ளர் பூச்சிவிரட்டி

மேடை ஏறிப் பேசுவதென்றால் எனக்குக் கொள்ளை ஆசை. கூட்டத்தில் நாலு பேர் இருந்தாலும் மைக் வேண்டும் என்பேன். இயற்கை விவசாயப் பயிற்சிக்குப் பாதிப் பேர் மதியச் சாப்பாட்டுக்காகத்தான் வருவார்கள். அவர்களைக் கொட்டாவி விடாமல் உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதற்காகவே ஒரு வித்தை வைத்திருந்தேன். கசப்பு இலைகளையும் பூண்டையும் ஊறவைத்து வடித்த பூச்சிவிரட்டியை எல்லார் கண்முன்னும் ஒரு மடக்கு குடித்துக் காட்டுவேன். "புழுவுக்குத்தான் ஆகாது, மனுஷனுக்கு ஒண்ணும் பண்ணாது" என்பேன். கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

அந்த வித்தையில் முதலில் மயங்கியவர் என் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர். என் பேச்சை நம்பி நிலம் முழுவதையும் ரசாயனம் படாமல் மாற்றினார். எங்கள் பயிற்சி மையத்தின் மாதிரிப் பண்ணையே அதுதான். ஆய்வுக் குழு வந்து பார்த்துத் தலையாட்டினால் மையத்துக்கும், பயிற்சி முடித்த விவசாயிகளுக்கும் மானியம் வரும். ஆட்டாவிட்டால் மையத்தை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

அந்தப் பருவம் பார்த்துப் புழுக்கள் முட்டைகோஸில் விருந்து வைத்துக்கொண்டன. இலையெல்லாம் சல்லடை. மாப்பிள்ளை அசரவில்லை. "இன்னும் ரெண்டு தடவை அடிச்சா சரியாயிடும் மச்சான்" என்றார். அவருக்குப் பொறுமை அதிகம். ஆய்வுக் குழுவுக்கும் அது இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே அவர் சாப்பிடப் போன நேரத்தில் கொட்டகைக்குள் போய், அவர் பூச்சிவிரட்டி ஊறவைத்திருந்த பீப்பாயில் கடையில் வாங்கிய பூச்சிமருந்தை ஊற்றிக் கலக்கினேன். நல்ல வீரியமான சரக்கு. பூச்சிவிரட்டியின் நாற்றத்துக்கு முன்னால் வேறெந்த நாற்றமும் எடுபடாது என்பது எவ்வளவு சௌகரியம் பாருங்கள். அதை அடித்த பிறகு புழு போன இடம் தெரியவில்லை, புது இலைகள் தளதளவென்று வந்தன. மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்திக் காட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. அந்தச் சந்தோஷமும் என் கைங்கரியம்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆய்வு நாளில் குழுவின் தலைவி மூக்கைப் பொத்திக்கொண்டு பீப்பாயை எட்டிப் பார்த்தார். "இது நெஜமாவே ஆபத்தில்லாததா?" என்று கேட்டார். மாப்பிள்ளை உடனே ஒரு டம்ளர் மொண்டு என்னிடம் நீட்டினார்.

"நீங்களே காட்டுங்க மச்சான்."

தொண்டை சரியில்லை என்றேன். அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைக் குடிக்கச் சொல்லவும் இல்லை.

"அப்ப நானே காட்டறேன்" என்று சிரித்தார். நான் ஒரு மடக்கோடு நிறுத்துகிறவன். அவர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். குழுவினர் கைதட்டினார்கள். நான் மட்டும் சும்மா நின்றால் நன்றாயிருக்காது, நானும் தட்டினேன்.

மானியம் வந்தது. எத்தனையோ குடும்பங்கள் அதனால் தலை நிமிர்ந்தன. பயிற்சிக்கூடத்துக்கு மாப்பிள்ளையின் பெயரைத்தான் வைத்தோம். திறப்பு விழாவில் நான் பேசியதைக் கேட்டு அழாதவர் இல்லை. பீப்பாயைக் கழுவி வைக்கும்படி தங்கையிடம் சொல்லியிருந்தேன். அவள் புருஷன் நினைவாக அதை அப்படியே மூடி வைத்துவிட்டாள். அதனால்தான் இப்போது நீங்களும் நானும் இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறோம்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். மறைக்க என்ன இருக்கிறது? மாப்பிள்ளைக்கு அப்போது உயிர் இருந்தது. "என்ன குடிச்சார்னு சரியாத் தெரிஞ்சா மாத்து மருந்து குடுத்துடலாம்" என்று மருத்துவர் பரபரத்தார். தங்கை என் கையைப் பிடித்து இழுத்து அவர்முன் நிறுத்தினாள்.

"எங்க அண்ணனைக் கேளுங்க டாக்டர். அவருக்குத்தான் எல்லாம் தெரியும்."

"வெறும் இலைச்சாறு டாக்டர்" என்றேன். மருந்தின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்தபோது சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தது. ஆனால் ஆய்வுக் குழுவினர் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள், இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.