தூரமாப் போறவுக

— தூரமா தம்பி?

— ஆமா ஆத்தா, தூரந்தேன். நீங்க?

— நானும் தூரந்தேன். இதுக்கு மேல கேட்க மாட்டேன். கெளம்புற ஆளை எங்குட்டுன்னு கேட்டா போற காரியம் வெளங்காது.

— எங்க அம்மாவும் அதையேதேன் சொல்லி விட்டுச்சு. ஒக்கூருல இருந்து காரைக்குடி டேசன் வரைக்கும் ஒருத்தர் கேட்கலை. டீக்கடைக்காரரு மட்டும் வாயெடுத்தாரு. அம்மா மொறச்ச மொறப்புல டீயை ஆத்திக்கிட்டே உள்ள போயிட்டாரு.

— வெவரமான பொம்பளை. என்ன காரியம்னு கேட்டா தப்பில்லைல?

— வேலை ஆத்தா. கவருமெண்டு வேலை. எம்ப்ளாய்மெண்டுல பதிஞ்சு நாலு வருசம் கழிச்சு ஆர்டர் வந்திருக்கு. நாளைக் காலையில பத்து மணிக்குள்ள ஆபீசுல நிக்கணும். தவறுனா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாகளாம்.

— நின்டுருவ. ஒன் மொகத்துலயே ஆபீசரு களை இருக்கு.

— பியூன் வேலை ஆத்தா.

— அந்தக் களையைத்தேன் சொன்னேன்.

— நீங்க என்ன காரியமா?

— மகளுக்கு நாளைக்கோ நாளன்னைக்கோ பிரசவம். தலைப்பிள்ளை. கொத்தமங்கலத்துக்குக் கூட்டியாரலாம்னா, அசையக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. எங்க வீட்டுக்காரரு ஆசாரி, ஒத்துக்கிட்ட நெலைக்கதவு வேலை முடியாம நகர மாட்டேன்னுட்டாரு. நாந்தேன் லேகியமும் முறுக்கு டின்னுமாக் கெளம்பிட்டேன்.

— தனியாவா?

— தனியாத்தேன். இந்தா, ஒரு முறுக்கு எடுத்துக்க. சன்னல்ல தலையை நீட்டாத, கரி கண்ணுல விழும்.

— டிக்கெட்.

— இந்தாங்க சார்.

— தம்பி, இது மெட்ராஸ் டிக்கெட்.

— ஆமா சார்.

— இது ராமேஸ்வரம் போற வண்டி.

— எக்ஸ்பிரஸ்தான சார்?

— எக்ஸ்பிரஸ்தான். ரொம்ப வேகமா ராமேஸ்வரம் போகுது.

— பெட்டியில மெட்ராஸ்னு எழுதியிருந்துச்சே.

— பக்கத்துலயே ராமேஸ்வரம்னும் எழுதியிருக்கும். போறதுக்கும் வாரதுக்கும் ஒரே போர்டு. காரைக்குடியில ரெண்டு வண்டியும் எதிரெதிரா நின்னப்ப, எது எங்க போகுதுன்னு ஒரு ஆளைக் கேட்டிருக்கலாமே?

— கெளம்புற நேரத்துல அந்தப் பேச்சை எப்படி சார் எடுக்குறது?

— சரிதான்.

— சார், இந்த வேலை போச்சுன்னா எங்க அம்மா மொகத்துல நான் முழிக்க முடியாது. அது கம்மலை வித்துத்தேன் எனக்குச் சட்டை எடுத்துச்சு.

— அழாத. சிவகங்கை தாண்டியாச்சு. மானாமதுரையில எறங்கு. எதிர் பிளாட்பாரத்துல மதுரை பாசஞ்சர் நிக்கும். அதைப் பிடிச்சா மதுரையில ராத்திரி மெட்ராஸ் வண்டி, காலையில எழும்பூர். ஆனா ஓடணும்.

— ஓடுறேன் சார்.

— அம்மா, நீங்க டிக்கெட்டை எடுங்க.

— எடுக்குறேன். தம்பி, ஓடும்போது இந்த டின்னையும் சேத்துத் தூக்கிக்க.

— மகளுக்குன்னு சொன்னீகளே ஆத்தா?

— மகளுக்குத்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது தம்பி. படிச்ச பிள்ளை போர்டைப் பார்த்து ஏறுதேன்னு ஒன் பின்னாலயே ஏறிட்டேன். எம் மக மெட்ராசுலதேன் இருக்கா.